ஒரு பார்ட்டிஷனுக்கு இரண்டு வண்ணக்கர்: டூவல் பூட் வின்டோஸை மெய்நிகர்க் கணினிக்குள் திறப்பதில் உள்ள வில்லங்கங்கள்

மட்டக்களப்பின் கல்லடியில் லேடி மனிங் பாலம் மட்டுமே இருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி ஏற்கெனவே தெரியும். 1924இல் திறந்த அந்த ஒடுங்கிய இரும்புப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள்தான் போகலாம். அந்தப் பக்கத்து வரிசை வந்து முடியும்வரை இந்தப் பக்கத்து பஸ்ஸும் லொறியும் வாவியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். 2013இல் பக்கத்திலேயே புதுப்பாலம் திறந்த பிறகுதான் அந்தக் காத்திருப்பு தீர்ந்தது.

ஒரே கணினியில் வின்டோஸையும் லினக்ஸையும் நிறுவி, தொடங்கும்போது ஒன்றைத் தெரிவுசெய்வதை டூவல் பூட் என்கிறோம். அது அந்தப் பழைய பாலம்தான். ஒன்று ஓடும்போது மற்றது காத்திருக்கும். மாறவேண்டுமென்றால் எல்லாவற்றையும் மூடிவிட்டு, கணினியை மறுபடி தொடங்கவேண்டும். இது அலுப்பான வேலை என்பதை மறுக்க முடியாது.

வின்டோஸ் 10க்கு வழங்கப்பட்டுவந்த ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்த பிறகு, பழைய மடிக்கணினிகளில் வின்டோஸை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டுத்தரும்படி என்னிடம் வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். போட்டுக்கொடுத்து இரண்டு வாரமானால் அவர்களில் ஒருவராவது ஒரு கேள்வியோடு திரும்பி வருவார்: “சேர், உபுண்டுவில் வேலை செய்யும்போதே, அந்தப் பக்கத்தில் தூங்குகிற வின்டோஸை ஒரு ஜன்னலுக்குள் எழுப்ப முடியாதா? மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் செய்து கை ஓய்ந்துவிட்டது.”

முடியும். நானும் செய்திருக்கிறேன். செய்தவன் என்பதால்தான், புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதைச் செய்யவேண்டாம் என்று சொல்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

காணியும் வரம்பும்

ஹார்ட் டிஸ்க்கை ஒரு பெரிய வயற்காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வரம்பு கட்டிப் பிரித்த ஒவ்வொரு துண்டும் ஒரு பார்ட்டிஷன். டூவல் பூட்டில் ஒரு துண்டு வின்டோஸுக்கு, ஒரு துண்டு லினக்ஸுக்கு. எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது என்ற விபரம் டிஸ்க்கின் தொடக்கத்தில் ஓர் அட்டவணையில் இருக்கும். இவற்றோடு சில நூறு மெகாபைட் அளவில் ஒரு சிறு துண்டும் இருக்கும். கணினி கண்விழிக்கும்போது முதலில் பார்ப்பது அதைத்தான். அதன் பெயர் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன். இரண்டு இயங்குதளங்களும் அதைப் பொதுவில் பயன்படுத்துகின்றன. வயல்களுக்குத் தண்ணீர் பிரியும் வாய்க்கால் தலைப்பு மாதிரி என்று சொல்லலாம். இந்தச் சிறு துண்டை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருவோம்.

மெய்நிகர்க் கணினி என்பது வேறு சங்கதி. வேர்ச்சுவல்பொக்ஸ், விஎம்வெயார் போன்ற மென்பொருள்கள் உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு பொய்க் கணினியை உருவாக்குகின்றன. அதற்கும் மெமரி உண்டு, திரை உண்டு, ஹார்ட் டிஸ்க் உண்டு. உள்ளே ஓடும் இயங்குதளத்தை விருந்தாளி என்றும் வெளியே ஓடுவதை வீட்டுக்காரர் என்றும் அழைப்போம். வழக்கமாக விருந்தாளியின் ‘ஹார்ட் டிஸ்க்’ என்பது வீட்டுக்காரரின் டிஸ்க்கில் கிடக்கும் ஒரு பெரிய கோப்புதான். விருந்தாளி எவ்வளவு குழப்பம் செய்தாலும் அந்தக் கோப்புக்குள்தான் செய்யமுடியும்.

இப்போது பேச்சுக்கு எடுத்திருக்கும் வித்தை என்னவென்றால், அந்தக் கோப்புக்குப் பதிலாக உண்மையான பார்ட்டிஷனையே விருந்தாளியின் கையில் பச்சையாகக் கொடுத்துவிடுவது. ‘ரோ டிஸ்க்’ என்று பெயர். வேர்ச்சுவல்பொக்ஸின் கையேடு இதை நன்கு தெரிந்தவர்களுக்கான வசதி என்று ஒதுக்கிவைத்து, பிழையாகப் பயன்படுத்தினால் டிஸ்க்கில் உள்ள தரவு முழுவதும் போகலாம் என்று எச்சரிக்கிறது. அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு வருகிறவர்களை நான் பார்த்ததில்லை. எல்லோரும் கட்டளை இருக்கும் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

இரண்டு வண்ணக்கர்

எல்லா வில்லங்கத்துக்கும் வேர் ஒன்றுதான். ஒரு பார்ட்டிஷனில் உள்ள கோப்பு முறைமை, அது வின்டோஸின் என்டிஎஃப்எஸ் ஆனாலும் லினக்ஸின் எக்ஸ்ட்4 ஆனாலும், தன்னை ஒரே ஒரு இயங்குதளம்தான் ஆள்கிறது என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது.

எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதை நிர்வகிக்கும் வண்ணக்கர் கணக்குக் கொப்பியை வைத்திருக்கிறார். ஒவ்வொரு பற்றுச்சீட்டுக்கும் அவர் கொப்பியைத் திறப்பதில்லை. மனதில் வைத்துக்கொண்டு, பொழுதுபட்டபின் ஒன்றாக எழுதிவிடுவார். கையிருப்பு எவ்வளவு என்று கேட்டாலும் கொப்பியைப் பார்க்காமலே சொல்லுவார், ஏனென்றால் அதில் எழுதுபவர் அவர் ஒருவரே. ஆள் ஒருவராக இருக்கும்வரை இதைவிடச் சிறந்த முறை இல்லை. வேலை வேகமாக நடக்கும், பிழையும் வராது. இப்போது அவருக்குத் தெரியாமல் இன்னொரு வண்ணக்கர் அதே கொப்பியில் எழுதத் தொடங்குகிறார் என்று வையுங்கள். முதலாமவர் வெற்றிடம் என்று நினைத்திருக்கும் பக்கத்தில் இரண்டாமவர் நேற்றே எழுதிவிட்டார். முதலாமவர் அதன் மேலேயே எழுதுகிறார். இருவருமே நேர்மையானவர்கள். ஆனால் கணக்கு அழிந்துவிட்டது.

கணினியில் அந்த ‘மனதில் வைத்துக்கொள்வது’ நடப்பது மெமரியில். லினக்ஸ் ஒரு கோப்பைச் சேமித்ததாக உங்களுக்குச் சொன்ன பிறகும், அதன் உள்ளடக்கம் அரை நிமிடம்வரை மெமரியிலேயே தங்கியிருக்கலாம். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்த இடம் காலி என்ற விபரங்களும் அப்படித்தான். எக்ஸ்ட்4 தன் ஜர்னலை, அதாவது ‘இதைச் செய்யப்போகிறேன்’ என்று முன்கூட்டிக் குறிக்கும் பேரேட்டை, இயல்பாக ஐந்து விநாடிக்கொருமுறை டிஸ்க்கில் எழுதுகிறது. அந்த இடைவெளிகளில் டிஸ்க்கில் இருப்பது முழு உண்மை அல்ல. மிச்சம் வண்ணக்கரின் தலைக்குள் இருக்கிறது.

ஜர்னல்தான் இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்கலாம். ஜர்னல் என்பது கரண்ட் போய்க் கணினி திடீரென நின்றால், பிறகு எழும்பும்போது விட்ட இடத்திலிருந்து சரிசெய்வதற்கானது. வேடிக்கை என்னவென்றால் இங்கே அதுவே எதிராளியாகிவிடுகிறது. வீட்டுக்காரர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பார்ட்டிஷனை விருந்தாளி திறக்கும்போது, அதன் ஜர்னல் முடிவடையாத நிலையில் இருப்பதைப் பார்க்கிறது. ‘ஐயோ, கரண்ட் போயிருக்கிறது’ என்று முடிவுகட்டி, உடனே மீட்பு வேலையில் இறங்கி டிஸ்க்கில் எழுதத் தொடங்குகிறது. வெளியே வீட்டுக்காரர் உயிரோடு இருந்து எழுதிக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது. ‘வாசிக்க மட்டும்’ என்று திறந்தாலும் எக்ஸ்ட்4 இந்த மீட்பை இயல்பாகச் செய்துவிடும். ஆகவே, “எழுதமாட்டேன் சேர், பார்க்க மட்டும்தான்” என்ற சமாதானம் எடுபடாது.

ஒரே டிஸ்க்கைப் பல கணினிகள் ஒரே நேரத்தில் பயன்படுத்தத் தனியான கோப்பு முறைமைகள் இருக்கின்றன. அவை பெரிய சேர்வர்களுக்கு உரியவை, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்பவை. நம் மடிக்கணினியில் இருப்பது அந்த இனம் இல்லை.

பத்து விநாடி

வந்தாறுமூலையில் படிக்கும் தம்பி ஒருவர் போன வருடம் தன் மடிக்கணினியை ஒரு துணிப்பைக்குள் சுற்றிக்கொண்டு வந்தார். உபுண்டுவுக்குள் வின்டோஸைத் திறக்கவேண்டும் என்பது அவர் ஆசை. பார்ட்டிஷனைத் தனியாகத் தெரிவுசெய்வது சிக்கலாக இருந்ததால் டிஸ்க் முழுவதையும் மெய்நிகர்க் கணினிக்குக் கொடுத்திருக்கிறார். பெரும்பாலானோர் செய்வது அதுதான்.

தொடக்கப் பொத்தானை அழுத்தியதும் ஜன்னலுக்குள் வந்தது வின்டோஸ் அல்ல, அவருடைய கிரப் மெனு, அதாவது எந்த இயங்குதளம் வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்கும் பட்டியல். அதுதானே அந்த டிஸ்க்கின் வாசல். முதல் வரியில் உபுண்டு, கீழே எங்கேயோ வின்டோஸ், ஓரத்தில் பத்து விநாடிக் கவுண்டவுன். அந்த நேரம் பார்த்து அம்மா தேத்தண்ணீர் குடிக்கக் கூப்பிட்டிருக்கிறார். திரும்பி வரும்போது ஜன்னலுக்குள் உபுண்டு திறந்திருந்தது. வெளியே ஓடிக்கொண்டிருந்த அதே உபுண்டு. அதே சுவர்ப்படம், அதே கோப்புகள், அதே பயனர் பெயர்.

“கண்ணாடிக்குள் கண்ணாடி மாதிரி இருந்தது சேர். ஃபோனில் படமும் எடுத்தேன்” என்றார்.

படம் எடுத்து முடிவதற்குள் உள்ளே இருந்த உபுண்டு தன் வழக்கப்படி பாதுகாப்பு மேம்படுத்தல்களைத் தேடத் தொடங்கியிருக்கும். வெளியே இருந்ததும் தன் பாட்டில் எழுதிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய இருபது நிமிடம் கழித்து, ஆவணத்தைச் சேமிக்கப் போனால் முறைமை மறுத்தது. கோப்பு முறைமையில் முரண்பாடு தெரிந்ததும் உபுண்டு தானாகவே பார்ட்டிஷனை வாசிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றிவிடும். அது ஒரு நல்ல பழக்கம், ஆனால் அதற்குள் நேரம் கடந்துவிட்டது. ரீஸ்டார்ட் செய்தார். கறுப்புத் திரையும் ஒரு கட்டளைக் குறியும் மட்டும்.

என் மேசையில் வைத்து எஃப்எஸ்சிகே என்ற பழுதுபார்க்கும் கருவியை ஓட்டினேன். ஒவ்வொரு பிழைக்கும் ‘சரிசெய்யவா?’ என்று கேட்கும். முதல் நாற்பது கேள்விக்கு நிதானமாக ஆம் என்று அழுத்தினேன், பிறகு எல்லாவற்றுக்கும் ஆம் என்று விட்டுவிட்டேன். முடிவில் பெயரை இழந்த கோப்புகளெல்லாம் லொஸ்ட் அன்ட் ஃபவுண்ட் என்ற ஃபோல்டருக்குள் வெறும் எண்களாகக் கிடந்தன. அவருடைய இறுதியாண்டு அறிக்கை அவற்றில் எது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக் கண்டுபிடித்தோம். மூன்றாம் அத்தியாயத்தின் நடுவோடு அது முடிந்திருந்தது. நல்லவேளை, முந்தைய வாரம் மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிய பிரதி ஒன்று இருந்தது.

மெனுவில் சரியாக வின்டோஸைத் தெரிவுசெய்தால் பிரச்சினை இல்லையா? அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் உபுண்டுவின் கோப்பு உலாவியில் இடப்பக்கப் பட்டியில் வின்டோஸ் பார்ட்டிஷனும் நிற்கும். ஒரு கிளிக் போதும், வீட்டுக்காரர் அதைத் திறந்துவிடுவார். விருந்தாளியாக வின்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது பழக்கதோஷத்தில் அந்தக் கிளிக்கைச் செய்துவிட்டால் மறுபடியும் இரண்டு வண்ணக்கர். யாராவது தடுப்பார்கள், எச்சரிக்கை வரும் என்று நம்பியிருக்க முடியாது.

அணைத்தது உண்மையில் அணைந்ததா?

ஒரே நேரத்தில் இரண்டையும் திறக்கமாட்டேன் என்று கவனமாக இருப்பவரும் விழும் குழி ஒன்று உண்டு. 2012இல் வந்த வின்டோஸ் 8 முதல், ‘ஷட் டவுன்’ என்று அழுத்தினால் வின்டோஸ் முழுதாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி, முறைமையின் கருவை அப்படியே டிஸ்க்கில் ஒரு கோப்பாக எழுதிவைத்து, அடுத்தமுறை அதைத் தூக்கிக்கொண்டு எழும்புகிறது. ‘ரீஸ்டார்ட்’ அழுத்தினால் மட்டும் முழுதாக அணைந்து எழும்பும். பெயர்கள் தலைகீழாக இருப்பதுபோல் தோன்றுகிறதல்லவா? எனக்கும் அப்படித்தான்.

ஆகவே, நேற்று இரவு நேரடியாக வின்டோஸில் வேலைசெய்து ‘அணைத்து’விட்டு, இன்று காலை உபுண்டுவுக்குள் மெய்நிகர்க் கணினியாக அதே வின்டோஸை எழுப்பினால், அது நேற்றைய நினைவோடு கண்விழிக்கப் பார்க்கிறது. நேற்று வேறு திரை அட்டை, வேறு டிஸ்க் கட்டுப்படுத்தி. இன்று எல்லாமே வேறு. பல வேளைகளில் அதைச் சமாளிக்க முடியாமல் விழுந்துவிடும்.

மறுபக்கமும் இதே கதைதான், அதுதான் இன்னும் மோசமானது. மெய்நிகர்க் கணினியை மூடும்போது ‘நிலையைச் சேமி’ என்று ஒரு வாய்ப்பு வரும். ஜன்னலை அப்படியே உறையவைத்துவிட்டுப் போகலாம், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சாதாரண மெய்நிகர்க் கணினியில் நான் ஒவ்வொரு நாளும் பயன்படுத்துவது இதைத்தான். ஆனால் அதன் டிஸ்க் உண்மையான பார்ட்டிஷனாக இருந்தால்? உறையவைத்துவிட்டு, ரீஸ்டார்ட் செய்து அதே வின்டோஸை நேரடியாகத் திறந்து இரண்டு மணிநேரம் வேலைசெய்கிறீர்கள். பார்ட்டிஷன் மாறிவிட்டது. பிறகு ஜன்னலுக்குத் திரும்பி உறைந்ததை எழுப்புகிறீர்கள். அது இரண்டு மணிநேரத்துக்கு முந்தைய கணக்கைத் தலையில் வைத்துக்கொண்டு இன்றைய கொப்பியில் எழுதுகிறது. இரண்டு வண்ணக்கர் ஒரே நேரத்தில் கோயிலுக்கு வரவேண்டும் என்றுகூட இல்லை. ஒருவர் பழைய நினைவோடு வந்தாலே போதும்.

இதனால்தான், இன்டெல் மக் கணினிகளில் பூட் கேம்ப் என்ற டூவல் பூட் வசதியால் நிறுவிய வின்டோஸை நேரடியாகத் திறக்கும் வசதியை அதிகாரபூர்வமாகவே கொடுத்த பரலல்ஸ் மென்பொருள்கூட, அந்த முறையில் உறையவைப்பதையும், ஸ்னப்ஷொட் என்ற அந்தக் கணத்து நிலையின் பிரதி எடுப்பதையும் அனுமதிக்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு செய்பவர்களே அந்தக் கதவைப் பூட்டிவைத்தார்கள்.

ஊர் மாறிய வின்டோஸ்

ஒரு இயங்குதளம் நிறுவப்படும்போது தான் இருக்கும் கணினியைப் பழகிக்கொள்கிறது. மெய்நிகர்க் கணினிக்குள் எழும்பும்போது அதன் கண்ணுக்குத் தெரிவது வேறு கணினி. லினக்ஸ் இதைப் பொதுவாகப் பொறுத்துக்கொள்ளும். வின்டோஸ் சற்று ரோசக்காரர். டிஸ்க் கட்டுப்படுத்திக்கான ட்ரைவர் பொருந்தாவிட்டால் ‘இனாக்ஸஸிபிள் பூட் டிவைஸ்’ என்று நீலத்திரையைக் காட்டி நின்றுவிடலாம். இன்டெல் ரெய்ட் என்ற டிஸ்க் அமைப்பில் விற்கப்பட்ட மடிக்கணினிகளில் இதற்கான வாய்ப்பு கூட.

எழும்பிவிட்டாலும் உரிமப் பிரச்சினை காத்திருக்கும். இப்போதைய வின்டோஸின் டிஜிட்டல் உரிமம் கணினியின் வன்பொருளோடு, முக்கியமாக மதர்போர்டோடு, கட்டப்பட்டது. ஜன்னலுக்குள் அது காண்பது வேறு மதர்போர்டு. ஆகவே ‘வின்டோஸை ஆக்டிவேட் செய்யுங்கள்’ என்ற வரி திரையின் மூலையில் வந்து குந்திக்கொள்ளும். ஒரே பார்ட்டிஷன்தானே, ஒரே வின்டோஸ்தானே என்று நாம் வாதிடலாம்; உரிம ஒப்பந்தமோ மெய்நிகர்க் கணினியைத் தனிக் கணினியாகவே எண்ணுகிறது.

இவை தொல்லைகள். உண்மையாக நெஞ்சைப் பிடிக்கவைப்பது, பார்ட்டிஷனை மறைகுறியாக்கிப் பூட்டும் வின்டோஸின் பிட்லொக்கர். பல புதிய மடிக்கணினிகளில் வின்டோஸ் பார்ட்டிஷன் பூட்டப்பட்டே வருகிறது, உரிமையாளருக்கே அது தெரியாது. 2024இல் வந்த வின்டோஸ் 11 பதிப்பு முதல் இன்னும் அதிகமான கணினிகளில் அது தானாகவே நடக்கிறது. திறப்பு இருப்பது கணினியின் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லில். மெய்நிகர்க் கணினியில் அந்தச் சில் இல்லாததால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். கல்முனையிலிருந்து வந்த ஒருவர் அந்த நீலத்திரையைப் பார்த்துவிட்டுத் தன் கணினியை யாரோ ஹக் செய்துவிட்டார்கள் என்று பயந்து, இரவோடிரவாகக் கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் மாற்றியிருந்தார். அந்த எண் அவருடைய மைக்ரோசொஃப்ட் கணக்கில் பத்திரமாக இருந்தது. கணக்கின் கடவுச்சொல்லையும் அன்றிரவுதான் மாற்றியிருந்தார், மாற்றியது என்னவென்று மறந்துவிட்டார்.

வாய்க்கால் தலைப்பு

முன்னால் சொன்ன ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு வருவோம். டிஸ்க் முழுவதையும் கொடுக்காமல் வின்டோஸ் துண்டை மட்டும் கொடுத்தால் மேலே சொன்ன பத்து விநாடி ஆபத்து தவிரும். ஆனால் வின்டோஸ் எழும்புவதற்கு வாசல் வேண்டும். அந்த வாசல் இருப்பது பொதுவான ஈஎஃப்ஐ துண்டில். அதையும் கொடுக்கவேண்டும். அதையோ உபுண்டு ஏற்கெனவே திறந்து வைத்திருக்கிறது. இந்தச் சிறு துண்டின் கோப்பு முறைமை ஃபட்32, அதற்கு ஜர்னல்கூடக் கிடையாது. வின்டோஸ் மேம்படுத்தல் ஒன்று உள்ளிருந்து அதில் எழுதும் அதே நேரத்தில் உபுண்டு வெளியிலிருந்து எழுதினால், அடுத்த நாள் இரண்டு வயலுக்கும் தண்ணீர் இல்லை. அதாவது இரண்டுமே எழும்பாது.

திசையைத் திருப்பி, வின்டோஸுக்குள் லினக்ஸ் பார்ட்டிஷனைத் திறப்பவர்களுக்கு வேறொரு வேடிக்கை. உள்ளே லினக்ஸ் தன் கருவை மேம்படுத்தும்போது கிரப் மெனுவைத் திரும்ப எழுதும். அப்போது பக்கத்தில் வேறு என்னென்ன இயங்குதளங்கள் இருக்கின்றன என்று தேடும். மெய்நிகர்க் கணினியில் வின்டோஸ் துண்டு மறைக்கப்பட்டிருப்பதால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். மறுநாள் கணினியைத் தொடங்கினால் மெனுவில் வின்டோஸ் என்ற வரியே இல்லை. வின்டோஸ் பத்திரமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைக் கண்டுபிடிக்கும்வரை நீங்கள் பத்திரமாக இருக்கமாட்டீர்கள்.

இன்னொன்று: லினக்ஸில் டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று வரிசையாகப் பெயர் விழும். இன்று எஸ்டிபி ஆக இருப்பது, ஒரு பென் டிரைவைச் செருகிவைத்துத் தொடங்கினால் நாளை எஸ்டிசி ஆகலாம். எஸ்டிபியை விருந்தாளிக்குக் கொடு என்று நீங்கள் எழுதிவைத்த குறிப்பு அப்போது வேறொரு டிஸ்க்கைச் சுட்டும். பார்ட்டிஷன் அளவை மாற்றினாலும் பழைய குறிப்பு செல்லாது. வேர்ச்சுவல்பொக்ஸ் தன் சிறு கோப்புக்குள் பழைய அட்டவணையின் பிரதியை வைத்துக்கொண்டிருக்கும். வரம்பை மாற்றியபின் பழைய உறுதியைக் காட்டிக் காணி பிடிப்பதுபோல.

மெய்நிகரின் நன்மைகள் எங்கே?

சரி, இத்தனைக்கும் தப்பிவிட்டீர்கள் என்றே வைப்போம். கையில் கிடைப்பது என்ன? மெய்நிகர்க் கணினியை நான் விரும்புவதற்கான காரணங்கள் ஒவ்வொன்றும் இதில் போய்விடுகின்றன. ஸ்னப்ஷொட் எடுத்து, பிழை வந்தால் பழைய நிலைக்கு நம்பித் திரும்ப முடியாது. எடுத்தாலும் நேரடியாக ஒருமுறை வின்டோஸைத் திறந்தவுடன் அது நஞ்சாகிவிடும். ஒற்றைக் கோப்பாகக் கொப்பி செய்து இன்னொரு கணினிக்குக் கொண்டுபோக முடியாது.

பாதுகாப்பும் போகிறது. பச்சை டிஸ்க்கைத் தொடுவதற்கு, வேர்ச்சுவல்பொக்ஸை ஓட்டும் பயனருக்கு விசேட அனுமதி கொடுக்கவேண்டும். லினக்ஸில் பலர் தங்களை ‘டிஸ்க்’ குழுவில் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தக் குழுவில் இருப்பது ஏறத்தாழ ரூட், அதாவது முழு நிர்வாகி, அதிகாரம் வைத்திருப்பதற்குச் சமம்: உங்கள் பெயரில் ஓடும் எந்த மென்பொருளும் டிஸ்க்கின் எந்த மூலையையும் எழுதலாம், அழிக்கலாம். திருட்டு மென்பொருளோடு வந்த வைரஸ் ஒன்று விருந்தாளி வின்டோஸில் இருந்து, டிஸ்க் முழுவதும் அதன் கையில் கொடுக்கப்பட்டிருந்தால், வீட்டுக்காரரின் வீட்டையும் அதனால் கொளுத்த முடியும். விருந்தாளியை அறைக்குள் பூட்டிவைப்பதற்குத்தானே மெய்நிகர்க் கணினி?

வேகத்தைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. 8 ஜிகாபைட் மெமரியை இரண்டாகப் பங்குபோட்டு, ஒரே சுழலும் டிஸ்க்கில் இரண்டு இயங்குதளங்களை ஓடவிட்டால் நடப்பது உங்களுக்கே தெரியும். விளையாட்டுக்கோ வீடியோ எடிட்டிங்குக்கோ திரை அட்டையின் முழுப் பலமும் ஜன்னலுக்குள் கிடைக்காது.

போகிறபோக்கில் ஒரு சில்லறைத் தொல்லை. வின்டோஸ் கணினியின் மணிக்கூட்டில் உள்ளூர் நேரம் இருப்பதாக நினைக்கும், லினக்ஸ் உலகப் பொது நேரம் இருப்பதாக நினைக்கும். அதனால் டூவல் பூட்காரர்களுக்கு இலங்கையில் ஐந்தரை மணிநேரம் முன்பின்னாகும். பின்னேரம் நான்கு மணிக்கு அனுப்பிய கடிதத்தில் காலை பத்தரை என்று விழும். அதைச் சரிசெய்து வைத்திருப்பவர் மெய்நிகர்க் கணினியிலும் அதே அமைப்பைப் பார்த்து வைக்கவேண்டும், இல்லாவிட்டால் அது திரும்ப வரும்.

அப்படியானால் என்ன செய்வது?

முதலில் நான் கேட்பது, வின்டோஸ் எதற்கு என்று. பாதிப்பேருக்குத் தேவை வின்டோஸ் பார்ட்டிஷனில் இருக்கும் கோப்புகள் மட்டுமே. வின்டோஸ் ஓடாதபோது அவற்றை உபுண்டுவிலிருந்தே திறக்கலாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை வின்டோஸின் பவர் ஒப்ஷன்ஸில் நிறுத்திவைத்தால் போதும். இன்னும் சிலருக்குப் பாமினி எழுத்துரு வேண்டும். திருமண அழைப்பிதழ், மரண அறிவித்தல், சங்கக் கடிதம் எல்லாம் எங்கள் பக்கத்தில் இன்னமும் பாமினியில்தான் கிடக்கின்றன. அதற்கு வின்டோஸ் தேவை என்பது ஒரு பழைய நம்பிக்கை. எழுத்துருக் கோப்பை லினக்ஸில் நிறுவினால் லிப்ரே ஒஃபிஸில் பாமினி அப்படியே தெரியும், அடிக்கவும் வரும்.

பேஜ்மேக்கர் மாதிரிப் பழைய மென்பொருளோ, வின்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளோ வேண்டுமென்றால், சாதாரண மெய்நிகர்க் கணினி ஒன்றைப் புதிதாக உருவாக்குங்கள். கோப்பில் வாழும் டிஸ்க், 64 ஜிகாபைட் அல்லது அதற்குமேல் உச்ச அளவு. பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் வளரும். தரவைப் பகிர்ந்த ஃபோல்டர் மூலம் பரிமாறிக்கொள்ளலாம். அதற்கென்று தனி வின்டோஸ் உரிமம் தேவைப்படும் என்பது உண்மை. அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கவேண்டும். இருக்கும் வின்டோஸ் அதன் மென்பொருள்களோடு அப்படியே வேண்டுமென்றால் டிஸ்க்2விஎச்டி என்ற இலவசக் கருவி அதை ஒரு கோப்பாகப் பிரதி எடுத்துத் தரும். அந்தப் பிரதிக்கும் உரிமம் வேண்டும், ஆனால் அது என்ன கூத்தாடினாலும் மூலப் பார்ட்டிஷனைத் தொடாது.

உண்மையான டிஸ்க்கையே கொடுத்துத்தான் தீருவேன் என்பவருக்கு ஒரு வழி சொல்வேன்: வின்டோஸுக்கென்று தனியாக இரண்டாவது எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள். அதன் ஈஎஃப்ஐ துண்டும் அதிலேயே இருக்கட்டும். அந்த டிஸ்க்கை மட்டும், எஸ்டிபி என்ற பெயரால் அல்லாமல் அதன் தொடர் எண்ணால் சுட்டிக் கொடுங்கள். உபுண்டு அதைத் தானாகத் திறக்காதபடி செய்யுங்கள், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள், உறையவைக்கும் பொத்தான் பக்கமே போகாதீர்கள். பூட்டிய பார்ட்டிஷன் என்றால் 48 இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி அலுமாரியில் வையுங்கள். இதையெல்லாம் வாசித்தபோது களைப்பு வந்தால், பழைய பாலத்தில் காத்திருப்பதே சுகம் என்பது என் கணிப்பு. ரீஸ்டார்ட்டுக்கு எஸ்எஸ்டியில் ஒரு நிமிடம்கூட ஆகாது.

அந்த வந்தாறுமூலைத் தம்பிக்கு உபுண்டுவைத் திரும்பப் போட்டு, சாதாரண மெய்நிகர்க் கணினி ஒன்றை அமைத்துக் கொடுத்தேன். கையில் வாங்கியதும் அவர் செய்த முதல் வேலை, அந்த ஒற்றைக் கோப்பை என் மேசையிலிருந்த பழைய யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குக்குக் கொப்பி செய்ததுதான். பதினெட்டு நிமிடம் எடுத்தது. முடியும்வரை கதிரையை விட்டு எழும்பவில்லை, தேத்தண்ணீர் கொடுத்தும் வாங்கவில்லை.